லீமா வீட்டு விருந்தாளி

லீமா எதையும் முதலில் மோந்து பார்ப்பார். தட்டில் போட்ட சோறு, டம்ளரில் ஊற்றிய தண்ணீர், கொடியிலிருந்து எடுத்த துண்டு, கடையிலிருந்து வந்த வாழைப்பழம், எதுவானாலும் சரி. மூக்கருகே கொண்டுபோய் நன்றாக இழுத்து மோந்துவிட்டு, “ம், கொள்ளாம்” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர் ஊர்ப்பக்கத்துச் சொல். அதன்பிறகு அது சுமையாவின் மூக்குக்குப் போகும். நாலு வயதுச் சுமையா கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். அவள் தலையை ஆட்டினால் அந்தப் பொருள் அஜ்மானில் உள்ள அந்த மூன்றாவது மாடி வீட்டில் இருக்கலாம். ஆட்டாவிட்டால் பால்கனிக்குப் போய்விடும்.

மனிதர்களுக்கும் இதே சட்டம்தான். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராகக் கைகழுவும் இடம். கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால், “கைய நீட்டுங்க டீச்சரே, பிள்ளை மோந்து பாக்கட்டு.” நான் எதிர் ஃபிளாட்டில் இருப்பவள். ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். என் கையில் எப்போதும் சாக்பீஸ் வாசம் இருக்குமாம். அது சுமையாவுக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றார். சிகரெட். நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து கரடியாய்க் கத்தியும் விடாத மனிதர், ஒரு வாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதற்காக லிஃப்டுக்குள் நின்று வெட்டிவேர் சோப்பு போட்டுக் கழுவிய தன் கையைத் தானே மோந்து பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சிரிக்கிற விஷயமில்லை. சுமையாவின் தகப்பனார் முகம்மது சித்தீக், தாய் ஜுலைஹா பீவி. கீழக்கரைப் பக்கத்து ஆட்கள். சித்தீக்குக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜில் வேலை. ஒரு ஃபிளாட்டை மூன்று குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டு, அறைக்கு ஒரு குடும்பமாக இருந்தார்கள். பொதுக் குளியலறை அடைத்துக்கொண்டபோது அடைப்பெடுக்கும் திராவகம் வாங்கி ஊற்றினார்கள். டப்பாவில் விரிசல் இருந்ததால், மீந்ததை ஜுலைஹா ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிச் சமையலறை மூலையில் வைத்தார். வெயிலில் ஆடிவிட்டு வந்த குழந்தை அந்தப் பாட்டிலை எடுத்துக் குடித்தது.

உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் உணவுக்குழல் வெந்து சுருங்கிவிட்டது. வயிற்றில் சின்னதாகத் துளையிட்டு ஒரு குழாய் வைத்தார்கள். சாப்பாடு, மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான். சுருங்கிய உணவுக்குழலை மயக்க மருந்து கொடுத்து அவ்வப்போது விரித்துக்கொண்டு வருகிறார்கள். குழாயில் பால் ஊற்றுவது வீட்டிலேயே பெற்றவள் பழகிக்கொள்ளக்கூடியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜுலைஹாவால் முடியவில்லை. குழாயைத் தொட்டாலே கண் இருட்டிக் கீழே விழுந்தார். மூன்று குடும்பம் புழங்குகிற அந்த ஃபிளாட்டுக்குக் குழந்தையை அனுப்ப டாக்டருக்கும் மனமில்லை. வார்டில் இருந்த ஒரு நர்ஸுக்கு லீமாவைத் தெரியும். பெற்றோர் சம்மதத்தோடு, டாக்டருக்குத் தெரிந்து, சிகிச்சை முடிகிற மட்டும் என்று சுமையா இங்கே வந்து சேர்ந்தாள்.

லீமாவுக்கு ஊர் குளச்சல் பக்கம். வெகுகாலம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். முதுகு வலி வந்து டியூட்டியை விட்டார், பழக்கத்தை விடவில்லை. வீட்டில் நைட்டி போட்டு, தோளில் துண்டு போட்டு, அந்தத் துண்டுக்கு மேல் நர்ஸ் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். கணவர் நேசையன் ஏசி டெக்னீஷியன். அதிகம் பேசமாட்டார். மகன் ஜெரிஷ் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். காலியான அவன் அறைதான் சுமையாவுக்கு.

அவள் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்த பாட்டில்கள் எல்லாம் போய்விட்டன. ஷாம்பு முதற்கொண்டு அலமாரியில் பூட்டு. குடிக்கிற தண்ணீர் வாயகன்ற எவர்சில்வர் பானையில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிள்ளைக்கு எட்டிப்பார்த்தால் தெரியவேண்டும். நேசையன் ஏசிக்குப் போடும் செம்புக்குழாய்த் துண்டை வளைத்துச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு கொக்கி செய்து கொடுத்தார். பால் ஊற்றும் சிரிஞ்சை அதில் மாட்டலாம். நான் அதைப் புகழ்ந்தேன். மனிதர் வெட்கப்பட்டு, “ஏசில மிஞ்சுன பைப்பு” என்றதோடு சரி.

சுமையாவைத் தனியே படுக்கவைத்துப் பால் ஊற்றுவதே கிடையாது. எல்லாரும் சாப்பிட உட்காரும்போது அவளுக்கும் நாற்காலி, அவளுக்கும் தட்டு. கொக்கியிலிருந்து பால் இறங்கிக்கொண்டிருக்கும். அவள் தட்டில் மசித்த கஞ்சியும் மீன்கறியில் ஒரு சொட்டும் இருக்கும். தின்ன வேண்டும் என்று கட்டாயமில்லை. பிசையலாம், மேசையில் பூசலாம், என் சேலையில் துடைக்கலாம். மூன்றும் நடந்திருக்கிறது. “அவளுக்கு வாயிக்கும் சோத்துக்கும் சண்டையாக்கும் டீச்சரே. நாம நடுவில கேறி சமாதானம் செய்யாண்டாம். அதுங்களே பேசித் தீக்கட்டு” என்பார் லீமா. பல வாரம் அப்படிப் பிசைந்து, ஒருநாள் சுமையா விரலை நக்கினாள். லீமா அதைப் பார்க்காததுபோல மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நேசையன்தான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்க லீமா” என்று ஒருமுறை டீச்சர் தோரணையில் எடுத்துவிட்டேன்.

“அது ஊட்டி வளக்கவளுக்குச் சொன்னது. நான் கொழாயில ஊத்துகவ. இங்க வளப்பும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இது பஸ் ஸ்டாண்டாக்கும். ஆஸ்பத்திரியில எறங்கி, வீட்டு பஸ் வரது வரைக்கும் பிள்ளை இஞ்ச நிக்கும். அவ்வளவுதான்.”

அதனால் எந்தக் குழந்தையும் அவரை அம்மா என்று கூப்பிடக் கூடாது. ஆன்ட்டிதான். வாய் தவறிச் சொன்னால்கூட, “அம்மை வெள்ளிக்கிழமை வருவா” என்று திருத்துவார். சுமையாவுக்கு முன்னால் இரண்டு பேர் இந்த பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். தொண்டையில் துளையிட்டு மூச்சுவிட்ட ஒரு கைக்குழந்தை. தீ விபத்தில் தப்பி, பேச்சை நிறுத்திவிட்ட ஒரு சிறுமி. ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் லீமா ஒரு மதியம் முழுக்கக் கதவைத் திறந்துபோட்டு வாய்விட்டு அழுவார். வெட்கமே இருக்காது. அழுது முடித்ததும் முகம் கழுவி, பழையதில் தயிர் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிடுவார். “அழுததுக்கு நல்லா பசிக்குது” என்பார்.

பாவம் என்ற சொல் அவருக்கு ஆகாது. யாராவது சுமையாவைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றால், “பாவம் செஞ்சது யாரு? நீங்களா?” என்று கேட்டுவிடுவார். மீன் மார்க்கெட்டில் இவரைக் கண்டால் வியாபாரிகள் செவுளை மூடிக்கொள்வார்கள். மீனின் செவுளைத்தான். “ஏ பையா, இது கல் கா மச்சி. மாஃபி ஃப்ரெஷ். எனக்க ஊர்ல பூனைகூடத் திங்காது” என்று, அது நேற்றைய மீன் என்பதை நாலு தேசத்துப் பாஷையிலும் ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில் அதே மீனை வாங்கிக்கொண்டு வருவார். விருந்து வைக்கத்தான்.

விருந்து என்றால் அப்படி ஒரு பித்து அவருக்கு. அவர் வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போக முடியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள்கூட ஒரு டீ குடித்தாக வேண்டும். தட்டை எடுத்துக் கழுவப் போனால் கையைத் தட்டிவிடுவார். “வந்தவங்கள வேல வாங்குனா வீடு வெளங்குமா?” என்பது அவருடைய வேதம்.

இந்த வேதத்தில்தான் சறுக்கினார்.

சித்தீக்கும் ஜுலைஹாவும் விடுமுறை நாளான வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து வருவார்கள். லீமா விடியற்காலையிலேயே சர்ச்சுக்குப் போய்த் திரும்பி, நெய்மீன் கறி வைத்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து, காத்திருப்பார். அவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள்போல ஆப்பிளும் திராட்சையும் வாங்கி வருவார்கள். ஆப்பிள் தின்ன முடியாத பிள்ளைக்கு ஆப்பிள். சோபாவில் ஒடுங்கி உட்காருவார்கள். சுமையாவுக்குப் பால் ஊற்றும் நேரம் வந்தால் ஜுலைஹா எழப் பார்ப்பார். குழாயைப் பார்த்ததும் தயங்கி நிற்பார். லீமாவுக்கு மனசு பொறுக்காது. “நீ இரி மோளே. ஆறுநாள் பாடுபட்டுட்டு வந்திருக்க. ஒருநாள் இரி” என்று உட்காரவைத்து, தட்டில் இன்னொரு துண்டு மீனைப் போட்டுவிட்டு, தானே ஊற்றுவார். ஜுலைஹா தன் மகளை எட்ட இருந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். மாலையில் போய்விடுவார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேனே தவிர, எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

இதற்கிடையே சித்தீக் தன் வேலையில் மேலே வந்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டார். ஷார்ஜாவைவிட அஜ்மானில் வாடகை குறைச்சல். டாக்டரும், “அம்மா தானே ஊற்றப் பழகட்டும், குழந்தை அம்மா கையால் ஏற்றுக்கொள்ளட்டும், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்” என்று சொல்லிவிட்டார். பஸ் வந்து நின்றுவிட்டது. ஏற வேண்டியதுதான் பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் கதவைத் திறக்கச் சுமையாவே ஓடினாள். வாசலில் பெற்றோர். பிள்ளை திரும்பி அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “ஆன்ட்டி, ஆளு வந்திருக்கு!” பிறகு ஜுலைஹாவை நிமிர்ந்து பார்த்து, லீமா சொல்கிற அதே ராகத்தில், “வாங்க, இரிங்க” என்று சோபாவைக் கைகாட்டினாள்.

பெற்ற தாய் சொன்னபடி செய்தாள். அதுதான் என்னை என்னவோ செய்தது. மகள் காட்டிய இடத்தில், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தீக் ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. புறப்படும்போது ஜுலைஹா லீமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நீங்களே வச்சுக்கிடுங்க. அவுஹகிட்டயும் சொல்லிட்டேன். எங்கிட்ட இருந்தா அது செத்துப்போயிரும். எங் கையி நல்ல கையி இல்லக்கா.”

லீமாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, “போ. இப்பம் போ. அடுத்த வெள்ளிக்கிழமை வா. இந்தப் பேச்ச இஞ்ச வச்சிட்டு வா” என்று கதவைச் சாத்திவிட்டார். சாத்திய கதவில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“நான்தான் டீச்சரே கெடுத்துப்போட்டேன். அவ பயந்துபோய் கெடந்தா. நான் மீன் வச்சுக் குடுத்து அவள ஆளாக்கிட்டேன். வீட்டுக்கு வார ஆளு. பெத்தவளுக்கு எதுக்கு விருந்து?”

மறு வெள்ளிக்கிழமை நான் போனபோது அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. சட்டி பானை எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கழுவாத நெய்மீன் ஒன்று தொட்டியில் கண்ணை விழித்துக்கொண்டிருந்தது. ஜுலைஹா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். லீமா ‘இரி’ என்று சொல்லவில்லை. டீ போடவில்லை. வெயிலில் வந்தவர் தண்ணீர் கேட்டதற்கு, “அடுக்களையில இருக்கு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேஸ் சிலிண்டர்காரருக்கு டீ கொடுக்கிறவர், வந்த பெண்ணுக்கு ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு கொடுக்கவில்லை. ஜுலைஹா தானே போய் மொண்டு குடித்தார். லீமா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு நீ சமைச்சாத்தான் எல்லாருக்கும் சோறு. மொதல்ல பிள்ளைக்கிட்ட கைய நீட்டு” என்றார்.

ஜுலைஹா கை கழுவி வந்து நீட்டினார். சுமையா மோந்தாள். மோந்ததும் முகம் வெளுத்து, ஓடிப்போய் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டாள். லீமா எழுந்து அந்தக் கையைப் பிடித்துத் தானும் மோந்து பார்த்தார்.

“என்னத்தப் போட்டுக் கழுவுக நீ?”

“டெட்டால்க்கா. அன்னையிலருந்து டெட்டால் போடாம எதையும் தொடுறதில்ல. புள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதேன்னு. வரும்போதும் வீட்டுலயே போட்டுட்டுத்தான் வருவேன்.”

விபத்து நடந்த நாள் முதல் அந்தத் தாய் தன் பாவத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். குழந்தைக்கோ பாட்டிலில் வருகிற காரமான வாசம் எதுவானாலும் அந்தப் பாட்டில்தான். வாரந்தோறும் வந்தும் யாருக்கும் இது தெரியவில்லை. சோபாவில் உட்காரவைத்த விருந்தாளியிடம் கையை நீட்டச் சொல்வது மரியாதையில்லை என்று ஜுலைஹாவை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

லீமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “போயி மீனக் கழுவு. செதில் எடு. நல்லா ரெண்டு கையும் முங்கட்டு. அதுக்கப்புறம் எத்தன சோப்பு போட்டாலும் மீன் வாசம் போவாது. கடற்கரையில பொறந்தவதானே நீயும்?”

அன்றைக்கு ஜுலைஹா வைத்த கறியில் உப்பு கூடிவிட்டது. லீமா அதைச் சொல்லவும் செய்தார். இரண்டாம் முறை நீட்டிய கையைச் சுமையா மேசைக்கடியிலிருந்தே மோந்தாள். வெளியே வரவில்லை. ஆனால் ஓடவும் இல்லை. அடுத்த வாரம் வெளியே வந்தாள். அதற்கடுத்த வாரம் தட்டில் இருந்த கஞ்சியை உம்மாவின் முழங்கை வரைக்கும் பூசினாள். டெட்டால் போயிற்று, ஆப்பிளும் நின்றது. சித்தீக் இப்போதெல்லாம் உள்ளே வந்ததும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுகிறார். நேசையனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். தன்னையும் உரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமைதான் பால் ஊற்றும் வேலை ஜுலைஹாவின் கைக்கு வந்தது. “கொக்கி வேண்டாம். கையில பிடி. ஒசத்துனா பால் வேகமா போகும், தாத்துனா பைய போகும். அவ்வளவுதான் கணக்கு” என்று சொல்லிவிட்டு, லீமா மேசைக்கு அந்தப்பக்கம் என் அருகே வந்து உட்கார்ந்தார்.

ஜுலைஹா குழாயில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். பிறகு சிரிஞ்சில் பாலை ஊற்றினார். பிடித்த கை தன்னையறியாமல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பால் நின்றது. நின்றது மட்டுமல்ல, சிரிஞ்சில் மெல்ல மேலேறி வர ஆரம்பித்தது. ஜுலைஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு லீமாவைப் பார்த்தார். எனக்கே எழுந்து அந்தக் கையைத் தூக்கிவிடவேண்டும் போல இருந்தது.

“ஆன்ட்டி!” என்றாள் சுமையா.

லீமா தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் செருகி, அவற்றின்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டார். பார்வையைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார்.

சுமையா சற்றுநேரம் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிறகு உம்மாவின் மணிக்கட்டை மோந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள்.

“ஒசத்திப் பிடி உம்மா.”

பால் இறங்கத் தொடங்கியது. ஜுலைஹா அழுதுகொண்டே பிடித்திருந்தார். கை இறங்கும்போதெல்லாம் பிள்ளை தள்ளிவிட்டாள். பால் முடிந்தது. தண்ணீர் விட்டு, குழாயை மடக்கி, கிளிப்பைப் போட்டார் ஜுலைஹா. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“முடிஞ்சுதே லீமா, இனி கையை எடுங்களேன்” என்றேன் மெதுவாக.

“பொறுங்க டீச்சரே. பிள்ளைக்குச் சட்டைய அவளே எறக்கி விடட்டு” என்றார் லீமா, கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டு.